குதிக்க மட்டும் தெரிந்தவர்

முதல் தடவை அவர் எங்கள் ரிப்பேர் கடைக்கு வந்தபோது, தூங்குகிற குழந்தையைத் தூக்கி வருவதுபோல ஒரு துண்டு மூட்டையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார். வெளியே அவருடைய பள்ளி வேன் பாதி நடைபாதை மேல் ஏறி நின்றுகொண்டிருந்தது. மேசை மேல் வைத்துத் துண்டைப் பிரித்தார். தடித்த புத்தகம் அளவுக்கு, கறுப்பாக, ரப்பர் பொத்தான்கள் வைத்த ஒரு சாமான். கூடவே ஒரு பழைய டேப் ரெக்கார்டர், ஒரு கேசட்.

“இங்க கம்ப்யூட்டர் படிச்சவர் ஒருத்தர் இருக்காருன்னு சொன்னாங்க.”

“நான்தான்” என்றேன். அப்படிப் பதில் சொல்வதில் எனக்கு இன்றைக்கும் ஒரு சுகம் உண்டு. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். நான் பட்டம் வாங்கிய படத்தை அப்பா பால்காரரிடம்கூட எடுத்துக் காட்டியிருக்கிறார்.

“இது என்னண்ணே?” என்று கேட்டேன்.

“கம்ப்யூட்டர்தான் தம்பி. நீங்கதானே படிச்சவரு?”

பிறகு அவரே விளக்கினார். இதை டிவியில் மாட்ட வேண்டும். கேசட்டை ஓடவிட்டால் அதிலிருந்து கேம் வரும். அவருடைய அப்பா வேலை பார்த்த அலுவலகத்தின் மேலாளர், ஊரைவிட்டுப் போகும்போது கொடுத்துவிட்டுப் போனதாம். என்னைவிட வயதில் மூத்த கம்ப்யூட்டரை அன்றுதான் தொட்டேன். கொஞ்சம் மரியாதையாகவே தொட்டேன்.

“எங்க அக்காவுக்காகத்தான் தம்பி. எப்படியாவது ஓட வெச்சுக் குடுங்க.”

அக்கா தையல்காரர். இவருடைய வேனில் போகிற பிள்ளைகளில் பாதிப் பேர் போட்டிருக்கும் சீருடை அக்கா தைத்தது. இந்த வருடம் பள்ளி திறக்கும் நேரத்தில், வெட்டிய துணி குவிந்து கிடக்கும்போது, ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. பேச்சு திரும்பிவிட்டது. கால்கூட ஓரளவு திரும்பிவிட்டது. வலது கை மட்டும் வரவில்லை. தினமும் விரலை அசைத்துப் பழக வேண்டும், இப்போது விட்டால் அப்படியே இறுகிப்போகும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

“பிடிச்சு அமுக்கச் சொல்லி ஒரு ரப்பர் பந்து குடுத்தாங்க. தூக்கி எறிஞ்சுட்டா. அதுவும் இடது கையால! சுவத்தைப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கறா. சின்ன வயசுல இதுல ஆடுவோம். இந்த ரெண்டு பொத்தானும் அவ வலது கைக்குத்தான் சொந்தம்.”

அவர் காட்டிய இரண்டு பொத்தான்களில் எழுத்தே இல்லை. விரல் பட்டுப் பட்டு அழிந்திருந்தது.

பொத்தான்களுக்கு அடியில் இருந்த மெல்லிய தாள் நொறுங்கிப்போயிருந்தது. டேப் ரெக்கார்டரின் பெல்ட் உருகிப் பிசினாகக் கிடந்தது. இரண்டையும் மாற்றினேன். உள்ளே கெட்டுப்போன சில பாகங்களை எடுத்துவிட்டுப் புதிதாகப் பற்றவைத்தேன். எல்லாம் முடிந்ததும் அவருக்குச் சொல்லியனுப்பினேன். பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு நேராக வந்தார்.

கேசட்டைப் போட்டதும் கீச்சென்று ஒரு சத்தம் கிளம்பியது. டிவியின் ஓரங்களில் வண்ணக் கோடுகள் ஓடின. அவர் கதவருகே சிலையாக நின்றுவிட்டார்.

“என்னண்ணே ஆச்சு?”

வாயில் விரலை வைத்தார். சத்தம் நின்ற பிறகுதான் மூச்சு விட்டார். “லோட் ஆகும்போது எங்க வீட்ல யாரும் நடக்கக் கூடாது தம்பி. அம்மா மிக்ஸி போடக் கூடாது. ஒரு தடவை கடைசி நேரத்துல அப்பா தும்மிட்டார், லோட் ஆகல. அக்கா ரெண்டு நாள் அப்பாகூடப் பேசல.”

தும்மலுக்கும் கேசட்டுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் அதை அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

திரையில் தொப்பி வைத்த ஒரு குட்டி மனிதன் வந்து நின்றான். பெரிய மாளிகை ஒன்றில் நாற்காலிகளும் பானைகளும் அவனைத் துரத்தும். அவன் தப்பித்து, அறை அறையாகப் போய்ச் சாவிகளைப் பொறுக்க வேண்டும்.

“மாப்பிள்ளை!” என்று கத்திவிட்டார். அவர்கள் வீட்டில் அவனுக்கு அதுதான் பெயர். வயிற்றைத் தள்ளிக்கொண்டு, யாரையும் பார்க்காமல், கல்யாண மாப்பிள்ளை நடைதான் நடப்பான்.

சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஆட ஆரம்பித்தேன். நடந்தேன், ஒரு நாற்காலியைத் தாண்டிக் குதித்தேன், ஒரு சாவியை எடுத்தேன்.

“இருங்க தம்பி. நடக்கறதும் நீங்களே, குதிக்கறதும் நீங்களே?”

“ஆமாண்ணே. ஒரு ஆள் ஆடுற கேம்தானே இது?”

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“ரெண்டு பேர் ஆடுறதுன்னுதானே அக்கா சொன்னா?”

அவர் அப்போது ரொம்பச் சின்னப் பையன். அக்கா ஆடும்போது பக்கத்தில் உட்கார்ந்து ‘எனக்கு, எனக்கு’ என்று அழுவாராம். ஒருநாள் அக்கா அவர் விரலைப் பிடித்து ஓரத்துப் பொத்தான் மேல் வைத்தாராம். ‘நான் நடக்க வைக்கிறேன், நீ குதிக்க வை. நீ குதிக்கலன்னா மாப்பிள்ளை செத்துடுவார். நீ இல்லாம இதை ஆடவே முடியாது.’ அன்றிலிருந்து அவருக்குத் தவளை என்று பெயர். ஏன் என்று தெரியாமலே தெருவில் இன்றும் பெரியவர்கள் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

“ஒரு லீவுக்கு அவ சித்தி வீட்டுக்குப் போயிட்டா. கம்ப்யூட்டர் சும்மாவே கிடந்துச்சு. நான் தொடவே இல்ல தம்பி. தனியா ஆட முடியாதேன்னு.” சிரித்தார். கண் கலங்கியிருந்தது. “இத்தனை வண்டி ஓட்டியிருக்கேன். இந்த மாப்பிள்ளையை மட்டும் ஒரு அடி நடக்க வெச்சதில்ல.”

“ரொம்ப சுலபம்ணே, சொல்லித் தரவா?”

“வேணாம்” என்றார் சட்டென்று. “எனக்குத் தெரியவே வேணாம். சாயங்காலம் வீட்டுக்கு மட்டும் வாங்க.”

போனேன். முன்னறையில் ஜன்னலோரம் கட்டில். தையல் மெஷின் மேல் ஒரு போர்வை. பக்கத்தில் வெட்டிய நீலக் கட்டம் போட்ட துணிகள் அடுக்கடுக்காக இருந்தன. அக்கா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

“யாருடா அது?”

“கம்ப்யூட்டர் ரிப்பேர் பண்றவருக்கா.”

“ஏன், நான் என்ன கம்ப்யூட்டரா?”

கட்டிலுக்குப் பக்கத்தில் டிவியை வைத்து எல்லாவற்றையும் மாட்டினோம். கேசட் கீச்சிட்டது. “சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கட்டுமாண்ணே?” என்று கேட்டேன்.

“ரெண்டு பேரும் வாயை மூடுங்க” என்றது கட்டில். “லோட் ஆகுது.”

நாங்கள் அசையவில்லை. அடுப்படியில் வேன்காரரின் மனைவி, என்ன ஏது என்று தெரியாமலே, கரண்டியைப் பிடித்தபடி நின்றுவிட்டார்.

மாப்பிள்ளை வந்தார். தவளை தன் பொத்தானை அழுத்தினார். மாப்பிள்ளை குதித்தார். நின்ற இடத்திலேயே மறுபடி குதித்தார். ஒரு பானையும் நாற்காலியும் சேர்ந்து வந்து அவரை முடித்துவிட்டன. அடுத்த உயிருக்கும் அதே கதி.

அக்கா திரும்பிப் படுத்தார். “நடக்க வைடா, முட்டாள்.”

“எனக்குக் குதிக்க மட்டும்தான் தெரியும்.”

“இந்த வயசுலயுமா? கத்துக்கோ.”

“இது ரெண்டு பேர் ஆடுறதுக்கா. நீதானே சொன்ன? நீ இல்லாம ஆடவே முடியாது.”

அக்கா தம்பியை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“நீ படிச்சவன்தானேப்பா. நீ சொல்லு. இதை ஆட ரெண்டு பேர் வேணுமா?”

வேன்காரர் என்னைப் பார்க்கவே இல்லை. பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கண்டிப்பா வேணும்க்கா” என்றேன். “ஒரு ஆளால ஆடவே முடியாது. அப்படித்தான் செஞ்சிருக்காங்க.” பட்டம் வாங்கியதிலிருந்து எதையும் நான் அவ்வளவு உறுதியாகச் சொன்னதில்லை.

“எந்தக் காலேஜ்ல படிச்ச நீ?” என்றார் அக்கா. உதட்டின் ஒரு ஓரம் சிரித்தது. மறு ஓரம் மெதுவாகப் பின்னால் வந்தது. “நல்லா இருக்குடா உங்க கூட்டு.”

தம்பி தலையணையை முதுகுக்கு அண்டக்கொடுத்து அவரை உட்காரவைத்தார். அக்கா, மடித்த துணியை எடுப்பதுபோல, வலது கையை இடது கையால் தூக்கி அந்த எழுத்தழிந்த பொத்தான்கள் மேல் வைத்தார். விரல் அசையவில்லை. மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தார். நாற்காலி வந்தது. தவளை தாண்டவைத்தார். அது திரும்பி வந்தது. மறுபடியும் தாண்டவைத்தார்.

“அவசரப்படாதக்கா. அதுவரைக்கும் நான் சாகவிடாமப் பாத்துக்கறேன்.”

நாற்காலி போவதும் வருவதுமாக இருந்தது. அக்காவின் நெற்றியில் வியர்வை அரும்பியது. எவ்வளவோ நேரம் கழித்து மாப்பிள்ளை ஒரு அடி எடுத்துவைத்தார். தப்பான பக்கம். நேராகப் பானைக்குள்.

“போச்சு!” என்றார் அக்கா. “எல்லாம் உன்னாலதான்.”

“என்னாலயா? நான் கரெக்டாத்தானே குதிச்சேன்!”

“திருப்பிப் போடுடா.”

இப்போதும் அக்கா அந்த முன்னறையில்தான் இருக்கிறார். வலது கையால் சட்டைப் பொத்தான் போட்டுக்கொள்கிறார். ஊசியில் நூல் கோக்க இன்னும் வரவில்லை. மெஷினில் வேன்காரரின் மனைவி உட்கார்ந்து தைக்கிறார், அக்கா பக்கத்தில் உட்கார்ந்து திட்டுகிறார். தம்பி பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்ததும் இருவரும் ஆட உட்காருகிறார்கள். மாப்பிள்ளை சமையலறையைத் தாண்டி மாடிப்படி வரைக்கும் போயிருக்கிறார். தவளைக்கு இன்னும் குதிக்க மட்டும்தான் தெரியும்.