கெம்புத்தலை அக்கி

மாநில எல்லைக்கோடு எங்கே விழப்போகிறது என்று பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்த ஐம்பதுகளில், சித்தப்பா கன்னடப் பக்கத்திலிருந்து பெண் கட்டி வந்தார். வேப்பனப்பள்ளிப் பக்கத்து எங்கள் வீட்டில் தமிழும் தெலுங்கும் புழங்கின. சித்தி கன்னடத்தில் தமிழைத் தூவிப் பேசுவாள். வந்த மறுநாளே உலைப்பானையைக் காட்டி, "அக்கி போடலாமா?" என்று அம்மாவைக் கேட்டாள். உடம்பில் சிவந்து கொப்புளிக்கிற அக்கியைச் சோற்றிலா போடுவார்கள் என்று மிரண்டுபோனேன். "அரிசியைச் சொல்றாடா," என்றார் அம்மா.

அந்த அறிவு அதிக நாள் உதவவில்லை. மார்கழியில் ஒரு காலை, மாந்தோப்பைப் பார்த்தபடி சித்தி சித்தப்பாவிடம் சொன்னாள்: "ரெண்டு அக்கி வந்திருக்குது. ரெண்டும் ஒந்தே ஜாதி. ஒண்ணுக்குத் தலெ எல்லா கெம்பு, மர நெழல்லேயே இருக்கும். இன்னொண்ணு ஒடம்பெல்லா நீலி, பாறெ மேலே."

அரிசிக்குத் தலை கிடையாது. ஆகவே இது அந்த அக்கிதான். அப்போதுதான் மாமரத்திலிருந்து இறங்கியிருந்தேன்; செவ்வெறும்பு கடித்துத் தலை தடித்து எரிந்தது. மர நிழல், தலை, சிவப்பு. முதல் அக்கி வந்தாயிற்று. அடுத்தது உடம்பு நீலமாகும், ஆள் காலி.

அக்கிக்குக் காவியால் சிங்கம் எழுதுகிற குயவரிடம் ஓடினேன், பாறையைச் சுற்றிக்கொண்டு.

"தலையிலயா? முடி நிக்குதே, சிங்கத்த எங்க எழுதறது? யார்றா சொன்னது?"

"சித்தி. அடுத்தது நீலமாம்!"

நீல அக்கி அவரே கேள்விப்படாதது. பயந்துபோய் சட்டிக் காவியை அப்படியே என் தலையில் கவிழ்த்தார்.

வாசலில் என்னைக் கண்ட சித்தி, "அய்யய்யோ, கெம்புத்தலெ அக்கி மனெக்கே வந்துட்டுது!" என்று சிரித்தாள். செத்துப்போகப் போகிறேன் என்று நான் அலறினேன். சித்தப்பாதான் தோப்புக்குத் தூக்கிப்போனார்.

"ஹக்கின்னா பறவைடா. சித்தி ஊர்ல 'ஹ' வாயில நிக்காது."

நிழலில் சருகைக் கிளறிக்கொண்டிருந்தது ஆரஞ்சுத் தலை. பாறை உச்சியில் விறைத்து நின்றது நீலம். நிறத்தை விட்டால் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரிதான். பூங்குருவி வகை என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். நீலத்தை மட்டும் அன்றைக்குத் தள்ளி நின்றே பார்த்தேன்.

பிறகு சித்தி என்னைக் கிணற்றடியில் உட்காரவைத்துத் தலை கழுவினாள். கழுவிக்கொண்டே கன்னடத்தில் பேசினாள், பேசிக்கொண்டே இருந்தாள். வீட்டில் வேறு யாரிடமும் அவள் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அவள் ஊர், அம்மா, அண்ணன், ஏதோ ஒரு பசு என்று ஒன்றிரண்டு சொல் பிடிபட்டது. மற்றதற்கெல்லாம் "ம்" போட்டேன். காவி முதல் சில சொம்புகளிலேயே போய்விட்டிருந்தது. அப்புறமும் எதற்கு ஊற்றிக்கொண்டே இருக்கிறாள் என்று புரியாமல், குளிரில் நடுங்கியபடி உட்கார்ந்திருந்தேன்.