மிகவும் குளிர்ச்சி

அந்தக் கேள்வியைத் தமிழில் எழுதியவள் நான்தான். வேறு யார் மேலும் பழி போட முடியாது. "வீடு குளிர்ச்சியாக இருக்கிறதா?" என்று கேட்டு, கீழே ஐந்து கட்டம். முதல் கட்டம் "இல்லவே இல்லை". கடைசிக் கட்டம் "மிகவும் குளிர்ச்சி". ஆங்கிலத்தில் இருந்ததை அப்படியே மாற்றினேன். கொழும்பு வெயிலில், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து எழுதியபோது அதில் ஒரு குறையும் தெரியவில்லை. குளிர்ச்சி யாருக்குத்தான் கசக்கும்!

நான் வேலை பார்ப்பது கட்டடக் கம்பெனிகளுக்கெல்லாம் பொதுவான ஒரு சங்கத்தில். அடுக்குமாடி கட்டுகிறவர்கள், சீமெந்து விற்கிறவர்கள், டைல் இறக்குமதி செய்கிறவர்கள், எல்லாரும் அதில் அங்கத்தவர்கள். வருடம் முழுக்கக் கட்டித் தள்ளிவிட்டு, சுற்றாடலுக்கும் சனங்களுக்கும் ஏதாவது செய்ய வேண்டும் என்று ஒரு பிரிவு வைத்திருக்கிறார்கள். மரம் நடுவது, கடற்கரையில் குப்பை பொறுக்குவது, பள்ளிக்கூடத்துக்குக் கழிவறை கட்டிக் கொடுப்பது. அந்தப் பிரிவில் தமிழ் தெரிந்த ஒரே ஆள் நான். தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒற்றை அறைக் காம்பராக்களில் ஒன்றில் பிறந்து, ஹட்டனில் படித்து, கொழும்புக்கு வந்தவள்.

ஒரு முறை கூட்டத்தில், தேயிலைத் தோட்டத்தில் சுற்றாடலைக் கெடுக்காத பசுமை வீடு ஒன்று மாதிரிக்குக் கட்டலாம் என்று முடிவெடுத்தார்கள். எந்தத் தோட்டம் என்று கேட்டார்கள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். றொசல்ல பக்கம் எங்கள் தோட்டத்தைச் சொன்னேன்.

சொல்லக் காரணம் இருந்தது. நாங்கள் பிறந்த லயத்துக்குப் பின்னால் மலையில் வெடிப்பு விழுந்திருந்தது. அதிகாரிகள் வந்து அளந்து பார்த்துவிட்டு, மண்சரிவு அபாயம், உடனே வெளியேற வேண்டும் என்று காகிதம் கொடுத்தார்கள். வெளியேறச் சொன்ன காகிதம் எங்கே போவது என்று சொல்லவில்லை. அதனால் எல்லாரும் அங்கேயேதான் இருந்தார்கள். என் தங்கச்சியும் அவள் புருசனும் அந்த லயத்தில்தான். அவள் கொழுந்து எடுக்கிறாள், அவர் மலையில் மருந்தடிக்கிறார். அப்போது அவள் வாயும் வயிறுமாக இருந்தாள். வீட்டை யாருக்குக் கொடுப்பது என்று சங்கத்துக் கமிட்டி புள்ளி போட்டுப் பார்த்தபோது அவள் குடும்பம்தான் முதலில் வந்தது. என் தங்கச்சி என்பதை நான் மறைக்கவில்லை. நல்லதாகப் போயிற்று, பேசிக்கொள்ள வசதி என்றார்கள்.

வீட்டை வரைந்தவர் ஒரு சிங்களப் பெரியவர். சங்கத்தில் எல்லாரும் மதிக்கிற கட்டடக் கலைஞர். என்னை "நங்கி" என்றுதான் கூப்பிடுவார். சிங்களத்தில் தங்கச்சி. நல்ல மனுசன், அதைச் சொல்லியே ஆக வேண்டும். லயத்துக்கு வந்து, என் தங்கச்சி கொடுத்த ரொட்டியையும் சம்பலையும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார். கெட்டவன் என்றால் நாலு வார்த்தை திட்டியாவது மனசை ஆற்றிக்கொள்ளலாம். நல்லவரை என்ன செய்வது?

அவர் வந்தது ஏப்ரல் மாதம், உச்சி நேரம். ஏற்றம் ஏறி வந்தவருக்கு வியர்த்துக் கொட்டியது. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, இங்கேயும் சூடுதான் என்றார். புத்தளம் பக்கம் வெயில் காய்கிற ஊரில் அவர் கட்டிய வீடு ஒன்று பரிசு வாங்கியிருந்தது. அதே வரைபடத்தைத்தான் இங்கேயும் எடுத்து வந்திருந்தார்.

"சேர், ஜூன் மாச மழைக் குளிர்ல ஒருக்கா வந்து பாருங்க" என்றேன். சிரித்தார்.

லயத்திலிருந்து தள்ளி, மண்சரிவு எட்டாத இடத்தில் வீட்டைக் கட்டினார்கள். மண்ணை அழுத்திச் செய்த கல்லால் சுவர். வெயிலைத் திருப்பி அனுப்ப வெள்ளை பூசிய கூரை. கூரைக்குக் கீழே நாலு பக்கமும் கை நுழைகிற அளவு துவாரங்கள், வரிசையாக. ஒரு பக்கம் காற்று நுழைந்து மறுபக்கம் சூடு வெளியேற வேண்டுமாம். விறகடுப்பு கிடையாது, காஸ் அடுப்புதான். லயத்துச் சனங்கள் வேலை முடிந்து போகிற வழியில் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"பச்ச வீடு பச்ச வீடுன்னாங்க, ஒரு எடத்துலயும் பச்சையக் காணோமே!" என்றாள் ஒருத்தி.

"எங்க தாத்தன் காலத்துலயும் மண்ணுச் சொவரு. இப்ப கொழும்புலேருந்து காரு போட்டு வந்து மறுபடியும் மண்ணுச் சொவரா?" என்றார் பக்கத்துக் காம்பராக்காரர். எல்லாரும் சிரித்தார்கள். பெரியவர் என்ன சொல்கிறார்கள் என்று என்னைக் கேட்டார். வீடு அழகாக இருக்கிறதாம் என்று சொல்லிவைத்தேன்.

பால் காய்ச்சிக் குடிபோனார்கள். ரிப்பன் வெட்டினார்கள், படம் எடுத்தார்கள். அந்தப் படத்தில் என் தங்கச்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு பல் தெரியச் சிரிக்கிறாள். எனக்கும் அன்றைக்குப் பெருமைதான். வெடித்த மலைக்கடியிலிருந்து அவளை எடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

பிறகு மழை பிடித்தது. எங்கள் பக்கத்து மழை வந்து போகிற மழை இல்லை, வந்து உட்கார்ந்துகொள்கிற மழை. காற்றும் சேர்ந்தால் உதடு வெடித்துவிடும். அந்த மழையில்தான் பிள்ளை பிறந்தாள். எடை குறைந்த பிள்ளை, முருங்கைக்காய் மாதிரிக் கையும் காலும். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே பச்சை வீட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

நான் கருத்துக் கேட்கும் அந்தப் படிவத்தை எடுத்துக்கொண்டு போனபோது, தங்கச்சி இரண்டு கம்பளியைச் சுற்றிக்கொண்டு பிள்ளையை நெஞ்சோடு அணைத்தபடி மூலையில் குந்தியிருந்தாள். தலைக்கு மேல் துவாரங்கள் வழியாகப் பனி உள்ளே வந்துகொண்டிருந்தது. நான் கேள்வியை வாசித்தேன்.

"வீடு குளிர்ச்சியாக இருக்கிறதா?"

அவள் என்னை முறைத்தாள். "கேக்குற கேள்வியப் பாரு! கை காலு வெறச்சுப்போயி உக்காந்திருக்கேன். பச்ச ஒடம்புக்காரிகிட்ட வந்து குளிர்ச்சியான்னு கேக்குறியே, ஒனக்கு மூளை கீள இருக்கா?"

"ஒண்ணுலேருந்து அஞ்சு வரைக்கும் இருக்கு. எத்தன போடட்டும்?"

"அஞ்சு போடு. அதுக்கு மேல இருந்தா அதையும் போடு."

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். நான் ஐந்தில் சரி போட்டேன். வேறு என்ன போடுவது, அவள் சொன்னது உண்மைதானே! கடைசியில் "வேறு கருத்துகள்" என்ற இடத்தில், குளிர் தாங்க முடியவில்லை, பிள்ளைக்கு இரைப்பு வந்திருக்கிறது, துவாரங்களை மூட அனுமதி வேண்டும் என்று தெளிவாக எழுதினேன்.

கொழும்பில் அடுத்த கூட்டத்தில் திரையில் போட்டுக் காட்டினார்கள். எங்கள் வீடு ஐந்துக்கு ஐந்து. புத்தளம் பக்கத்து வீட்டையும் தாண்டிவிட்டது. எல்லாரும் கை தட்டினார்கள். கணினியில் இலக்கங்களை மட்டும்தான் ஏற்றியிருந்தார்கள், எழுத்துக்கு அதில் இடமில்லை. நான் எழுந்து, இது நல்ல ஐந்து இல்லை, அங்கே குளிர், பிள்ளைக்கு மூச்சு வாங்குகிறது என்று சொன்னேன். கை தட்டியவர்கள் முகம் கொஞ்சம் சுருங்கியது. கவனிப்போம் என்று குறித்துக்கொண்டு அடுத்த விசயத்துக்குப் போனார்கள்.

பெரியவர் மட்டும் என் மேசைக்கு வந்தார். துவாரத்தை மூடினால் உள் ஈரம் வெளியேறாது, மண் சுவர் ஊறிக் கெட்டுப்போகும் என்றார். அதோடு, பசுமைச் சான்றிதழ் கொடுக்கிறவர்கள் பார்க்க வரப்போகிறார்கள், வரைபடத்தில் உள்ளபடியே வீடு இருக்க வேண்டும், அது முடியட்டும், திறந்து மூடுகிற மாதிரிப் பலகை போட்டுத் தருகிறேன் என்றார். சும்மா சொல்லவில்லை, மனசாரத்தான் சொன்னார்.

அதற்குள் பிள்ளையை இரண்டு தரம் ஆஸ்பத்திரியில் வைத்தாயிற்று. காற்றுப் படாத, சூடான இடத்தில் வைத்திருங்கள் என்று டொக்டர் சொல்லி அனுப்பினார். தங்கச்சி புருசன் உரச்சாக்கைச் சுருட்டி ஒவ்வொரு துவாரத்திலும் அடைத்தார். காற்று நின்றது. ஆனால் சூடு எங்கிருந்து வரும்? விறகு மூட்டிப் பார்த்தார்கள். புகை போக வழியில்லாமல் வீடு நிறைந்து, இருமி இருமிப் பிள்ளையின் முகம் நீலம் பாரித்தது. நெருப்பை அணைத்தார்கள். நாலு நாளில் சுவரில் கறுப்பாகப் பூஞ்சணம் பூத்தது. பெரியவர் சொன்னது சரிதான், அதுதான் கொடுமை. எல்லாரும் சரியாகத்தான் சொன்னார்கள்.

சான்றிதழ்க்காரர்கள் வருகிற நாளும் வந்தது. காலையிலேயே சாக்கை எடுத்துவிடச் சொல்லி எனக்கு உத்தரவு. நாற்காலி மேல் ஏறி நின்று ஒவ்வொன்றாக நானே பிடுங்கினேன். தங்கச்சி பிள்ளைக்குக் குல்லாவை இழுத்துவிட்டுக்கொண்டு என்னையே பார்த்தாள். நாலு அறை அறைந்திருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

வந்தவர்கள் இரண்டு பேர். வெப்பமானியை வைத்துப் பார்த்தார்கள், சுவரைத் தட்டிப் பார்த்தார்கள். அவர்களில் ஓர் அம்மா, இந்த வீட்டில் சந்தோசமாக இருக்கிறாயா என்று கேட்கச் சொன்னார்.

"இவங்ககிட்ட நல்லாச் சொல்லுக்கா. எனக்குச் சந்தோசமும் வேணாம், ஒண்ணும் வேணாம். புள்ளைக்கு மூச்சு வாங்குது. அந்த ஓட்டைய அடைச்சுக் குடுத்து, ஒரு வெறகடுப்பு போட்டுக் குடுக்கச் சொல்லு. கையெடுத்துக் கும்புடுறேன்."

ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். கும்பிட்டதையும் சொன்னேன். அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பிள்ளையின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். ஆனால் அவர் கையில் இருந்த தாளில் குளிருக்கு ஒரு கட்டம்கூட இல்லை. அது சூட்டுப் பிரதேசத்துக்கு என்று செய்த தாள். அடுத்த வீடு கட்டும்போது இது ரொம்பப் பயன்படும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

சான்றிதழ் கிடைத்தது. அதைப் பொறித்த பித்தளைத் தகட்டைச் சுவரில் பதித்தார்கள். பலகை எப்போது வரும் என்று பெரியவரைக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார். வரைபடத்தை மாற்றினால் சான்றிதழ் செல்லாதாம், கமிட்டி கூடித்தான் முடிவெடுக்க வேண்டுமாம், கமிட்டி கூட இன்னும் இரண்டு மாதம் இருக்கிறதாம். "என் கையில் இல்லை நங்கி" என்றார். அவர் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, யார் மேல் காட்டுவது என்று தெரியவில்லை.

அடுத்த வாரம் தங்கச்சி தொலைபேசியை எடுக்கவேயில்லை. மலையகம் முழுக்க மண்சரிவு எச்சரிக்கை என்று செய்தியில் சொன்னார்கள். லீவு போட்டுவிட்டு ரயில் ஏறினேன். றொசல்லயில் இறங்கும்போது மத்தியானம், மழை ஊற்றிக்கொண்டிருந்தது. பச்சை வீடு பூட்டிக் கிடந்தது. கீழே ரோட்டில் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று, லயத்தில் இருப்பவர்கள் எல்லாரும் பள்ளிக்கூட மண்டபத்துக்குப் போகும்படி கத்திக்கொண்டே போனது. மேலே பார்த்தேன். லயமே காலியாக இருந்தது. ஒரே ஒரு காம்பராவில் மட்டும் புகை வந்தது. எங்கள் பழைய காம்பரா.

வழுக்கி விழுந்து எழுந்து ஓடினேன். கதவைத் தள்ளினால் உள்ளே வெதுவெதுவென்று இருந்தது. அடுப்பு திகுதிகுவென எரிய, புகை கூரைப் புகைக்கூண்டு வழியாக மேலே போக, அதன் பக்கத்தில் தங்கச்சி பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பின்சுவரில் வெடிப்பு முன்னைவிட அகன்றிருந்தது. அதன் வழியாகத் தண்ணீர் செம்மண்ணாகக் கசிந்தது.

"ஒனக்கு என்ன பைத்தியமாடி?" என்று கத்தினேன். "எல்லாரும் போயிட்டாங்க, நீ மட்டும் புள்ளையோட இங்க என்ன பண்ற?"

"மொள்ளப் பேசு. மூணு நாளைக்கு அப்பறம் இன்னைக்கித்தான் தூங்குறா. அவரு மருந்து வாங்கப் போயிருக்காரு."

"ஸ்கூலுக்குப் போக வேண்டியதுதான?"

"பச்ச வீட்ட விட்டு இங்க வந்த மறுநாளே எழுப்பிவிட்டாங்க, போனோம். சிமிட்டித் தரை, கண்ணாடி இல்லாத ஜன்னலு. ஒரு ராத்திரிதான் இருந்தோம், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம். அங்க ஆவி புடிச்சு மறுநாளே அனுப்பிட்டாங்க. சூடான எடத்துல வைங்கன்னு மறுபடியும் சொன்னாங்க. இந்தத் தோட்டத்துல சூடான எடம் இது ஒண்ணுதான்க்கா."

"கொழும்புக்கு வந்துரு. இப்பவே கெளம்பு."

"எத்தன நாளைக்கு?"

நான் இருப்பது மூன்று பெண்கள் படுக்கிற போர்டிங் அறை. விருந்தாளி ஒரு நாள் தங்கினாலே வீட்டுக்கார அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். அது தங்கச்சிக்கும் தெரியும்.

"சரி, நீயே சொல்லு" என்றாள். கோபமே இல்லாமல், பழையபடி அக்காவைக் கேட்கிற குரலில். "பச்ச வீட்டுக்குப் போன்னு சொன்னா இப்பவே போறேன். இங்க இருன்னு சொன்னா இருக்கேன். எனக்கு யோசிச்சு யோசிச்சு மண்ட காஞ்சுபோச்சு. நீ சொல்றபடி செய்றேன்."

மூன்று பாசை பேசுகிறவள் நான். போ என்றால் மூச்சு. இரு என்றால் மண். இரண்டில் ஒன்றை என் வாயால் சொல்ல வேண்டும்.

"மழை கொஞ்சம் விடட்டும்" என்றேன்.

"எங்க விடுதுக்கா" என்றாள்.

நனைந்த செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, வெடித்த சுவருக்கும் அவளுக்கும் நடுவில் போய் உட்கார்ந்தேன். மண் வந்தால் முதலில் என் மேல் விழட்டும் என்று நினைத்ததாகச் சொன்னால் அது பொய். பயந்துபோய்த்தான் உட்கார்ந்திருந்தேன். பிள்ளை இரைப்பில்லாமல், நிம்மதியாக மூச்சுவிட்டுத் தூங்கினாள்.