பன்னிரண்டு ஜாயிண்ட்

வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வெல்டிங்கைப் பரிசோதிக்கலாம் என்று கம்பெனி சொன்னபோது நான்தான் முதலில் கை தூக்கினேன். ஸ்ரீரங்கத்திலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டில் மாறி, தினமும் திருவெறும்பூர் போய்வந்து அலுத்திருந்தேன்.

அந்தத் திங்கட்கிழமை பட்டறை சூப்பர்வைசர் வீடியோ காலில் வந்தார். குழாயில் போட்ட பன்னிரண்டு ஜாயிண்ட்டுகளையும், பக்கத்தில் சாக்பீஸால் எழுதிய எண்ணோடு, ஒவ்வொன்றாகக் காட்டினார். நான் காபியை உறிஞ்சிக்கொண்டே ஒவ்வொன்றுக்கும் "ஓகே, அடுத்தது காட்டுங்க" என்றேன். மத்தியானத்துக்குள் ரிப்போர்ட்டும் அனுப்பிவிட்டேன்.

புதன்கிழமை பட்டறைக்குப் போய் அந்தக் குழாயைப் பார்த்தேன். ஒரே ஒரு ஜாயிண்ட்தான் சீராக இருந்தது. அதன் பக்கத்தில் பன்னிரண்டு என்று எழுதியிருந்தது; அதற்கடியில் அழித்து அழித்து எழுதிய சாக்பீஸ் வெள்ளையாக அப்பிக்கிடந்தது. மற்ற பதினொன்றில் வெல்டிங் மேல் படிந்த கசடைக்கூடத் தட்டி எடுக்கவில்லை. கொதிக்கும் நீராவி போக வேண்டிய குழாய்.

"வெட்கமா இல்லையா உங்களுக்கு? ஒண்ணையே பன்னிரண்டு தடவை காட்டியிருக்கீங்க! இதெல்லாம் ஒரு பொழப்பா?" என்று கத்தினேன்.

சூப்பர்வைசர் அலட்டிக்கொள்ளவே இல்லை. செல்போனில் என் ரிப்போர்ட்டைத் திறந்து முகத்துக்கு நேரே நீட்டினார்.

"முதல் வரியை அப்படியே காப்பி பண்ணிப் போட்டிருக்கீங்க சார். பன்னிரண்டு வரியிலயும் ஜாயிண்ட் நம்பர் ஒண்ணுன்னே இருக்கு. நாங்களாவது நம்பரை மாத்தி எழுதினோம்."