ஒருநாள் விட்டு ஒருநாள் அம்மா பொறுத்த வலி

எங்கள் அம்மா எங்களை விட்டுப் போய் ஒரு வருடம் நிறைகிறது. திதிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளுக்கும், அக்கம்பக்கத்து வரிசை வீடுகளில் இருக்கும் லயத்தாருக்கும், வர முடியாமல் தூரத்தில் இருந்து வாசிப்பவர்களுக்கும் மகளின் வணக்கம். கொழும்பில் வேலை செய்யும் என் தம்பிதான் என்னை எழுதச் சொன்னான். அம்மா நல்லவர், பொறுமைசாலி என்று இரண்டு பக்கம் எழுதினால் போதும் என்றான். அம்மா நல்லவர் என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். பொறுமைசாலி என்று எழுதத்தான் எனக்குக் கை வரவில்லை. அந்தப் பொறுமையின் மேல் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் தீரவில்லை.

அம்மா பிறந்தது தெரணியகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில். பெண்பிள்ளைகளில் மூத்தவர் என்பதால் பள்ளிக்கூடம் சீக்கிரமே நின்றுவிட்டது. கல்யாணமாகி எஹலியகொடைக்கு மேலே இருக்கும் எங்கள் ரப்பர் தோட்டத்துக்கு வந்தார். கொழுந்து பறித்த கைக்குப் பால் வெட்டும் கத்தி பிடிபட ஒரு மழைக்காலம் ஆனது என்பார். பிடிபட்ட பிறகு அவர் வெட்டும் மலையில் ஒரு மரத்திலும் காயம் பார்க்க முடியாது. புதிதாக வருகிறவர்களை, அம்மா வெட்டிய பட்டையைப் போய்ப் பார்த்துவிட்டு வரும்படி கங்காணி அனுப்புவார்.

ரப்பரைப் பற்றித் தெரியாத உறவினர்களுக்காக ஒன்று சொல்கிறேன். மரத்தைத் தினமும் வெட்டக் கூடாது. இன்று வெட்டினால் நாளைக்கு அதற்கு ஓய்வு. ஆசைப்பட்டு நாள்தோறும் வெட்டினால் பட்டைக்குள் பால் வற்றி மரம் காய்ந்துவிடும். காய்ந்த மரம் அதன் பிறகு சொட்டும் தராது. அம்மா தன் வாழ்நாள் முழுக்க இந்த ஒழுங்கில்தான் நடந்தார்.

வாய் மட்டும் ஓய்வே இல்லாதது. அம்மா பேசும் சிங்களத்தைக் கேட்டு எஹலியகொடைச் சந்தையில் மரக்கறிக்காரர்கள் அவரைச் சிங்களக் கிராமத்து நோனா என்றே நினைப்பார்கள். விலை சரிப்படாவிட்டால் அம்மா தமிழில் நாலு வார்த்தை திட்டிவிட்டு நகர்வார். கடைக்காரர் ஆவென்று பார்த்துக்கொண்டிருப்பார். தம்பிக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், "எங்க பையன் நல்லா சமைப்பான், உங்க புள்ளைக்குத் தெரியாட்டிப் பரவால்ல" என்று சொல்லி, இறுகிக் கிடந்த வீட்டையே சிரிக்க வைத்தார். நாங்கள் நால்வர் இருந்த வீட்டில் அப்பா இடையிலேயே இறந்து போன பிறகும் நாங்கள் சிரித்தபடி வளர்ந்தோம் என்றால் அது அம்மாவின் வாயால்தான்.

அப்படிப்பட்டவர் வலியைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. முதுகு வலிக்கிறது என்றார், பால் வாளி தூக்கியதால் என்றார். தைலம் தேய்த்தோம். தோட்டத்து டிஸ்பென்சரியில் பனடோல் வாங்கிக் கொடுத்தோம். மார்பில் ஒரு கட்டி இருந்ததை யாருக்கும் காட்டாமல் மறைத்துவிட்டார். பெரியாஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தபோது புற்றுநோய் முதுகெலும்புக்குள் இறங்கியிருந்தது. குணப்படுத்த முடியாது, வலியைக் குறைக்கலாம் என்று டொக்டர் சொன்னார். மோர்ஃபின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் விடாமல் போட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

அந்தப் பெயரைக் கேட்டதும் எங்கள் லயத்தில் பாதிப் பேர் அம்மாவுக்கு நாள் குறித்துவிட்டார்கள். சாகப் போகிறவர்களுக்குக் கொடுப்பது என்றார்கள். போதை மருந்து என்றார்கள். சித்தப்பா வீட்டுக்கே வந்து, கஞ்சா அடித்தவன் மாதிரி அண்ணி ஆகிவிடுவார் என்று என்னிடம் சொன்னார். தம்பி தொலைபேசியில் அதையே கொஞ்சம் மரியாதையாகச் சொன்னான். மறைத்து எழுத எனக்குத் தெரியாது. சித்தப்பா, இதை வாசித்துவிட்டுக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

முதல் சில நாட்கள் அம்மாவுக்குத் தூக்கமாகவே இருந்தது. குமட்டியது, மலச்சிக்கலில் அவதிப்பட்டார். அதற்கும் மருந்து கொடுத்தார்கள். பிறகு ஒரு நாள் காலையில் அவர் தானே எழுந்து அடுப்படிக்கு வந்து, நான் வெங்காயம் வெட்டும் அழகைப் பார்த்து ஏளனம் செய்தார். நான் திரும்பிக்கொண்டேன். கண்ணீருக்கு வெங்காயத்தைச் சாட்டிக்கொள்ள வசதியாக இருந்தது.

ஆனால் அது நிலைக்கவில்லை. ஒரு நாள் வாசலில் உட்கார்ந்து எல்லோரோடும் பேசுவார். மறுநாள் சுவரைப் பார்த்து முடங்கி, சேலைத் தலைப்பைக் கடித்தபடி வியர்த்துக் கிடப்பார். நான் தோட்டத்துக் குழந்தைகளைப் பார்க்கும் பிள்ளைக்காம்பராவில் வேலை செய்கிறேன். காலையில் மாத்திரையை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு ஓடுவேன், மாலையில் வந்து அடுத்ததைக் கொடுப்பேன். நோய் ஏறுகிறது, மருந்து போதவில்லை என்றுதான் நினைத்தேன். கிளினிக்கில் அப்படியே சொன்னேன். டொக்டர் அளவைக் கூட்டினார்.

கூட்டிய மாத்திரையைப் போட்ட அன்று அம்மா கூப்பிட்டும் விழிக்கவில்லை. மூச்சு மெதுவாக, நின்று நின்று வந்தது. லயமே எங்கள் வாசலில் கூடிவிட்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். இரண்டு நாளில் தெளிந்து வீட்டுக்கு வந்தார். சித்தப்பா மாத்திரைப் பையை எடுத்துக்கொண்டு லயத்து வடிகானுக்குப் போய்விட்டார், தண்ணீரில் கொட்டுவதற்கு. "அண்ணிய நாமளே கொல்லணுமா பாப்பா?" என்று கேட்டார். அவர் அழுதுகொண்டிருந்தார். நான் பையைப் பிடுங்கிக்கொண்டேன்.

எல்லோரும் போன பிறகு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். மருந்தை நிறுத்திவிடுவதா, கொடுப்பதா, நீயே சொல்லு என்று அவரிடமே கேட்டேன். அம்மா பெட்டியில் ரவிக்கைத் துணிகளுக்கு அடியில் பார்க்கச் சொன்னார். அங்கே ஒரு துணி முடிச்சில் மாத்திரைகள் இருந்தன.

"ஒருநாள் விட்டு ஒருநாள் தான்டி போட்டேன். தெனமும் போட்டா மருந்து காஞ்சிருமில்ல. கடைசி வலி வர்றப்ப கேக்காமப் போயிருச்சின்னா நான் என்னா செய்வேன்?"

அப்பா போனதை நான் சரியாகப் பார்த்ததில்லை. சின்னப் பிள்ளைகள் என்று எங்களைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தார்கள். அம்மா அன்றுதான் சொன்னார். அப்பாவுக்குத் தொண்டையில் புற்று. கசாயமும் பனடோலும்தான் கொடுத்தார்கள். கடைசியில் கத்தக்கூடக் குரல் இல்லாமல் சுவரில் தலையை முட்டிக்கொண்டாராம். அதைப் பார்த்தவர் அம்மா ஒருவர்தான். தனக்கும் அந்த நாள் வரும், அதற்கு மருந்தின் பலத்தை மிச்சம் வைக்க வேண்டும் என்று, பால் வெட்டின கை கணக்குப் போட்டிருக்கிறது. அதற்காகத்தான் ஒருநாள் விட்டு ஒருநாள் சேலையைக் கடித்துக்கொண்டு கிடந்திருக்கிறார். எனக்குத் தலையில் அடித்துக்கொண்டு அழ வேண்டும் போல் இருந்தது. அம்மாவைத் திட்டினேன். திட்டிக்கொண்டே கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாளே அந்த முடிச்சோடு கிளினிக்குக்குப் போனோம். அங்கே இருந்த மிஸ்ஸி, அதாவது நர்ஸ், எஹலியகொடைப் பக்கத்துச் சிங்களப் பெண். அவர் வீட்டிலும் கொஞ்சம் ரப்பர் உண்டு. அம்மா நடந்ததை அவரிடம் சிங்களத்தில் சொன்னபோது அவர் சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, மழை வந்த பிறகா மரத்துக்குப் பொலித்தீன் கட்டுவீர்கள் என்று கேட்டார். வெட்டுவாயில் மழைத்தண்ணீர் இறங்காமல் இருக்க முன்கூட்டியே கட்டும் பொலித்தீனைத்தான் சொன்னார். வலி வருவதற்கு முன்னால் மருந்து உள்ளே இருக்க வேண்டும், தினமும் போடுவதால் அது வற்றிப் போகாது, நோய் கூடினால் அளவைக் கூட்டிக்கொள்ளலாம், கடைசி நாளுக்கும் மருந்து இருக்கும் என்றார். விட்டு விட்டுப் போட்டால் உடம்புக்கு மருந்து பழகாது, அதனால்தான் கூட்டிய மாத்திரை தாங்கவில்லை என்றும் விளக்கினார். டொக்டர் அளவைக் குறைத்து முதலில் இருந்து தொடங்கினார். மிஞ்சிய மாத்திரைகளை மிஸ்ஸியிடமே ஒப்படைத்தோம்.

அம்மா மிஸ்ஸியிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். சத்தியமாகவா என்று கேட்டார். சத்தியமாக என்றார் அவர்.

அதன் பிறகு அம்மாவுக்குக் கிடைத்த மாதங்களை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். வலி முழுதாகப் போகவில்லை. இருக்கிறது, ஆனால் தூரத்தில் இருக்கிறது என்பார். கோயில் திருவிழாவுக்கு நாற்காலியில் உட்கார்ந்து சாமி பார்த்தார். தம்பியின் மகளுக்குத் தலை பின்னிவிட்டார். சித்தப்பா வந்தால் வேண்டுமென்றே கண்ணைச் சொருகிக்கொண்டு கஞ்சா அடித்தவர் போல் நடிப்பார். அவர் பதறுவார், அம்மா சிரிப்பார். போதைக்கு அடிமையாகிவிடுவார் என்று பயந்தோமே, மாத்திரை நேரம் தவிர வேறு நேரத்தில் அம்மா அதைக் கேட்டதே இல்லை.

ஐப்பசி மழையில் நோய் நுரையீரலுக்கும் போய்விட்டது. மாத்திரை விழுங்க முடியாதபோது அதே மருந்தைத் திரவமாகக் கொடுத்தார்கள். அளவைக் கூட்ட வேண்டிய போதெல்லாம் கூட்டினார்கள். மண்சரிந்து பாதை அடைபட்ட நாளில், மல்லி என்று நாங்கள் கூப்பிடும் த்ரீவீலர்க்காரப் பையன் மறுபக்கம் வரை நடந்தே போய் மருந்து வாங்கி வந்தார். கடைசி நாள் காலையில் அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. வலிக்குதாம்மா என்று திரும்பத் திரும்பக் கேட்டேன்.

"இல்லடி. நீ சும்மா இரு" என்றார். எங்களோடு அம்மா பேசிய கடைசிப் பேச்சு அதுதான். மத்தியானத்துக்கு முன்னால், தம்பியின் மடியில் தலை வைத்தபடி அமைதியாகப் போனார்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறைய. மூன்று நாளும் எங்கள் வீட்டு அடுப்பை எரிய விடாமல் சோறு கொண்டு வந்த லயத்தாருக்கும், மழையில் மண் வெட்டிக் குழி எடுத்தவர்களுக்கும், வேலை விட்டு வந்து நின்ற கிராமத்துச் சிங்கள உறவுகளுக்கும், மல்லிக்கும், மிஸ்ஸிக்கும், டொக்டருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. பாடையின் முன்பக்கத்தைக் கடைசி வரை தோள் மாற்றாமல் சுமந்த சித்தப்பாவுக்கும்தான்.

இன்னும் ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். சாவு வீட்டுக்கு வந்தவர்களில் தோட்டத்தின் கீழ்ப்பிரிவு லயத்தைச் சேர்ந்த ஒரு பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். தன் கணவருக்கும் எலும்பில் புற்று என்றும், மோர்ஃபின் எழுதிக் கொடுத்தும் வீட்டில் பயந்து கொடுக்காமல் வைத்திருக்கிறார்கள் என்றும் சொன்னார். கருமாதி முடியவில்லை, தீட்டு. நான் வீட்டை விட்டு இறங்கவே கூடாது என்று பெரியவர்கள் சொன்னார்கள். அடுத்த கிளினிக் நாளில் அவர் கணவரைக் கூட்டிக்கொண்டு இறங்கினேன். அதற்காக இன்னும் என்மேல் வருத்தம் உள்ளவர்கள் மன்னிக்க வேண்டும்.

கிளினிக்கில் மிஸ்ஸி என்னைப் பார்த்துவிட்டு எனக்குப் பின்னால் அம்மாவைத் தேடினார். அவருக்குப் புரிந்துவிட்டது. என் தோளைத் தொட்டுவிட்டு, நான் கூட்டிப் போனவரை உட்கார வைத்து, மருந்து போடும் முறையைச் சொல்லத் தொடங்கினார். அந்த மனிதரும் பால் வெட்டுகிறவர்தான். வலியில் நிமிர முடியாமல் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு கேட்டவர், மிஸ்ஸி முடித்ததும் என் பக்கம் திரும்பினார்.

"தெனமுமா தங்கச்சி?"

"தெனமுந்தாங்க. எங்கம்மாவ வச்சுச் சொல்றேன், ஒருநாளும் விடாதீங்க."

— மகள்