நாற்பத்திரண்டு சன்னல் பூட்டியவர்

லண்டனில் மிற்சம் என்ற பகுதியில் நடக்கும் தமிழ்க் கத்தோலிக்கப் பூசைக்கு யாக்கோப்பு என்ற பெயரில் மூன்று பேர் வருவார்கள். குழப்பம் வராமலிருக்க, பியற்றிஸின் கணவரைக் 'கோட்டை யாக்கோப்பு' என்பார்கள். ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பத்தைந்தில் அகதியாக ஜேர்மனிக்குப் போய், ரைன் ஆற்றங்கரை மலையொன்றின்மேல் நிற்கும் கோட்டையில் மூன்று வருடம் காவல்காரராக இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். அப்படித்தான் அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நாப்பத்திரண்டு சன்னல். பின்னேரமானா எல்லாத்தையும் நான்தான் பூட்டுவன்."

பியற்றிஸ் ஒன்றும் சொல்லமாட்டாள். நாலு பேர் நிற்கிற இடத்தில் வாய் திறக்கக் கூச்சம். ஆனால் கண் எப்போதும் திறந்தே இருக்கும். அவள் லண்டனுக்கு வந்து சேர்ந்த வருடமே, அவருடைய பழைய ஜக்கெற்றைக் கழுவப் போடும்போது உள்பையில் ஒரு படம் கிடைத்தது. ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்வாசலில், ஏப்ரன் கட்டிய இளம் யாக்கோப்பு உருளைக்கிழங்குக் குவியலுக்கு நடுவே கத்தியோடு குந்தியிருந்தார். பின்னால் உயரத்தில் கோட்டை. அதற்குக் கூரை இல்லை. சன்னல் இருந்த ஓட்டைகளுக்குள்ளால் வானம் தெரிந்தது.

சன்னல் பொய் அவளை உறுத்தவில்லை. உறுத்தியது உருளைக்கிழங்கு. "எனக்குக் கத்தி பிடிக்கவே தெரியாதப்பா" என்று சொல்லிப் பதினொரு வருடமாக அவர் சமையலுக்கு உதவக் குசினிப் பக்கம் வந்ததில்லை.

இரண்டாயிரத்து ஆறு ஓகஸ்டில் ஜேர்மனியிலுள்ள கெவலார் மாதா கோயிலுக்கு யாத்திரை போக பஸ் பிடித்தார்கள். புறப்படுவதற்கு இரண்டு கிழமைக்கு முன், பூசை முடிந்ததும், திரும்பும் வழியில் வேறு எங்காவது பார்க்கலாமா என்று பாதர் கேட்டார். பியற்றிஸ் பக்கத்திலிருந்த எமில்டாவின் காதில் மெதுவாக ஏதோ சொன்னாள். எமில்டா பாடகர் குழுக்காரி. அவள் காதில் போடுவதும் கோயில் மணியை அடிப்பதும் ஒன்றுதான்.

"யாக்கோப்பண்ணையின்ர கோட்டைக்குப் போவம் பாதர்."

அன்றிலிருந்து யாக்கோப்புக்குச் சோறு இறங்கவில்லை. முழங்கால் நோகுது என்றார். திருத்த வேலைக்காகப் பூட்டியிருப்பார்கள் என்றார். எமில்டா அந்த ஊருக்குப் போன் பண்ணியே கேட்டுவிட்டாள். "எப்பவும் திறந்துதான் கிடக்குமாம் அண்ணை."

மலையேறும்போது அவர் மனைவியின் கையைப் பிடித்தார். "பியற்றிஸ், என்ர மானம் போகப் போகுது. மேல ஒரு சன்னலும் இல்லை."

"தெரியும்." கைப்பையைத் திறந்து படத்தைக் காட்டினாள்.

அவர் படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "எவ்வளவு காலமா?"

"பதினொரு வருசம்."

"ஏதாவது சொல்லிச் சமாளியுமன்."

"நான் என்னெண்டு கதைக்கிறது? கூச்சக்காரி எல்லோ."

வாசல் பலகையில் ஆங்கிலத்தில் இருந்ததை எமில்டா உரக்க வாசித்துத் தமிழில் சொன்னாள். ஆற்றில் போகிற படகுகளிடம் வரி பிடுங்க ஒரு பிரபு கட்டிய கோட்டையாம். 1689இல் பிரெஞ்சுப் படை வெடிமருந்து வைத்துத் தகர்த்ததாம். மிஞ்சிய கல்லை ஊர்ச்சனம் சுமந்துபோய் வீடும் கடையும் கட்டிக்கொண்டதாம். உள்ளே புல் முளைத்த சுவர்களும் பாதிக் கோபுரமும்தான். விருந்து மண்டபம் இருந்த இடத்தில் ஒரு குடும்பம் பாண் தின்றுகொண்டிருந்தது.

எமில்டா ஓர் ஓட்டைக்குள்ளால் கையை நீட்டினாள். "அண்ணை, இதை எப்பிடிப் பூட்டினனீங்கள்?"

பஸ்ஸில் வந்த முழுப்பேரும் திரும்பினார்கள். யாக்கோப்பு வாயைத் திறந்தார். முதல் தடவையாக அதிலிருந்து ஒன்றும் வரவில்லை. இதைப் பார்க்கத்தான் பியற்றிஸ் வந்திருந்தாள். பார்த்தாள். நினைத்த அளவு இனிக்கவில்லை.

"இங்க இல்லை," என்றாள். தன் குரலைக் கேட்டுத் தானே திடுக்கிட்டாள். "கீழ அந்தச் சாப்பாட்டுக் கடை தெரியுதே, அதுவும் இந்தக் கல்லில கட்டினதுதான். கோட்டை இப்ப அங்கதான் இருக்கு. அந்தச் சன்னல்களைத்தான் இவர் பூட்டினவர்."

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். யாக்கோப்புக்கு மூச்சு வந்தது. "ஓம், ஓம். அதே கல்லு."

"சன்னல் மட்டுமில்லை," என்றாள் பியற்றிஸ். "உருளைக்கிழங்கும் உரிச்சவர். மணித்தியாலத்துக்கு ஒரு மூட்டை. இந்தாங்கோ, படம்."

படம் கை மாறி மாறிப் பாதரிடம் போனது. அவர் கண்ணாடியைப் போட்டு உருளைக்கிழங்குக் குவியலைப் பார்த்தார். "திருநாளுக்கு உருளைக்கிழங்கு ரோல்ஸ் செய்ய ஆள் தேடிக்கொண்டிருந்தனாங்கள்," என்றார்.

செப்ரெம்பரில், மாதா திருநாளுக்கு முதல் நாள், மண்டபக் குசினியில் நாலு மூட்டை இறங்கியது. யாக்கோப்பு ஏப்ரன் கட்டி, தோல் அறாமல் ஒரே சுருளாக உரித்தார். வாயும் ஓயவில்லை. "பிரெஞ்சுக்காரன் வெடிமருந்து வைச்சது எங்க தெரியுமோ? நான் கிழங்கு வைச்ச நிலவறைக்கு நேர மேல."

பியற்றிஸ் கதிரையில் கால் நீட்டித் தேநீர் குடித்தாள்.

"இஞ்சேருங்கோ," என்றாள், எல்லோருக்கும் கேட்க. "குளிருது. அந்தச் சன்னலை ஒருக்காப் பூட்டுங்கோ."