ஜோதி சொன்ன பதில்

ஜோதி மாதிரி ஒரு வாயாடியை நான் பார்த்ததே இல்லை. நான் நர்ஸ் அல்போன்சா, திருவானைக்காவல் பக்கம் ஒரு சுகாதார நிலையத்தில் வேலை. ஜோதி எங்களோடு வீடு வீடாகக் கணக்கெடுக்க வருகிற திருநங்கை. சொந்த ஊர் முசிறி. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் எவனாவது கேலி பேசினால் நின்று, "ஏன் தம்பி, வீட்ல அம்மா சௌக்கியமா?" என்பாள். அவனுக்குத் தலை தொங்கிப்போகும்.

எங்கள் நிலையத்தில் வியாழக்கிழமைதோறும் திருநங்கைகளுக்கென்று தனியாக ஒரு டாக்டர் வருவார். ஹார்மோன் மாத்திரை, ரத்தப் பரிசோதனை எல்லாம் அன்றைக்குத்தான். இந்த வருஷம் மேலிடத்தில் கேட்டுவிட்டார்கள், உங்க பகுதியில திருநங்கைகள் இருக்காங்களா என்ன, கணக்குல காணோமே என்று. எப்படிக் காணும்? முன்பு கணக்கெடுத்தவர்கள் ஆளைப் பார்த்தே ஆண், பெண் என்று போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். இந்தக் கணக்கெடுப்பிலும் காணாமல் போனால் வியாழக்கிழமை டாக்டர் கிடையாது.

அதனால் இந்தத் தடவை ரெண்டு கேள்வி. பிறந்தபோது உங்களை என்னவென்று சொன்னார்கள்? இப்போது நீங்கள் உங்களை என்னவென்று சொல்கிறீர்கள்? ஜோதி ஒவ்வொருத்தியிடமும் போய் மன்றாடினாள். "வெக்கப்பட்டு மறைச்சீங்கன்னா நாம இல்லவே இல்லன்னு எழுதிடுவானுங்கடி!"

அதைக் கேட்டுத்தான், அதுவரை வீட்டில் மறைத்துவைத்திருந்த யாழினிக்குத் தைரியம் வந்தது. கணக்கெடுக்க வருவதற்கு முன்பே, தான் திருநங்கை என்று வீட்டில் சொன்னாள். அண்ணன் பையைத் தூக்கித் தெருவில் போட்டான். ஜோதி அவளை மகளாக ஏற்றுக்கொண்டாள். திருநங்கைகளிடம் அது சும்மா பேச்சுக்குச் சொல்கிற உறவில்லை. ஸ்ரீரங்கத்தில் தன் வாடகை அறைக்கே கூட்டிப்போனாள். எங்களிடம் வரும்போதெல்லாம் யாழினிக்கு வாய்க்கு வாய் "அம்மா"தான்.

ஸ்ரீரங்கத்தில் ஜோதி குடியிருக்கிற வீட்டுக்கே கணக்கெடுக்கப் போன அன்று அவளுக்கு லீவு. கூட வந்த ஜெஸ்வின் அன்றைக்குத்தான் சேர்ந்தவன், ஜோதியைத் தெரியாது. கேள்வியைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்கணும் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். வீட்டுக்கார அம்மாவுக்கு நான் பிரஷர் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள், பாவி, கூடத்தில் எல்லார் முன்னாலும் ஜோதியிடம் சத்தமாகக் கேட்டுவிட்டான்!

வீட்டுக்காரர் ரங்கசாமி சிரித்தார். "என்னப்பா கேள்வி இது? பார்த்தா தெரியலையா? நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரிங்க."

ஜோதி திருநங்கை என்று அவருக்குத் தெரியாது. அது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ஜோதி என்னை ஒரு தடவை பார்த்தாள். "ரெண்டுக்கும் பொண்ணுன்னே போட்டுக்குங்க." குரலே எழும்பவில்லை.

யாழினி எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து நின்றிருந்தாள். ஜெஸ்வின் அவள் பக்கம் திரும்பினான். "நீங்க?"

அவள் ஜோதியையே பார்த்தாள். "சித்தி சொன்னதுதான் எனக்கும்."

சித்தியா? வீட்டுக்காரர் காதில் விழுகிற மாதிரி அப்படித்தான் கூப்பிடணும் என்று ஜோதி சொல்லிவைத்திருக்கிறாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருப்பேன். ஜோதி முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன். அறை போய்விட்டால் ரெண்டு பேரும் எங்கே போவார்கள்? ஊரையே அதட்டுகிறவள், தரையைப் பார்த்துக்கொண்டு முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள். எனக்கே கூசியது.

நாங்கள் தெருமுனை தாண்டுவதற்குள் செருப்புகூட இல்லாமல் ஓடிவந்தாள். பின்னாலேயே யாழினி.

"சிஸ்டர், அசிங்கமா இருக்கு சிஸ்டர். ஊருக்கெல்லாம் சொல்லிட்டு நானே இப்படிப் பண்ணிட்டேனே! மாத்தி எழுதச் சொல்லுங்க. பொறந்தப்போ பையன்னுதான் சொன்னாங்க. இப்ப நான் திருநங்கை."

ஜெஸ்வின் மாற்றினான். ஜோதி கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். "நீயும் சொல்லும்மா. இங்க யாரும் இல்ல."

நிஜமாகவே யாரும் இல்லை. நாங்கள் நாலு பேர்தான். யாழினி தலையை நிமிர்த்தவில்லை.

"வேணாம். எழுதினது எழுதினபடியே இருக்கட்டும், சித்தி."