காது பார்க்க அடித்த தப்பு

இலங்கை மலையகத்தில், பசறைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் என்னை இன்றைக்கும் "சாவு மாஸ்டர்" என்றுதான் சொல்கிறார்கள். நான் யாரையும் சாகடித்ததில்லை. ஒருவரும் சாகாத நாளில் தோட்டம் முழுவதையும் அழ வைத்தேன், அவ்வளவுதான். இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள், "உங்களுக்கு ஆரம்பத்தில் பயமாக இருந்ததா சார்?" என்று கேட்கிறார்கள். பயத்தில் நான் பட்டதாரி. படித்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன்.

1. துணி கிழித்தவன்

எண்பதுகளின் தொடக்கம். பதுளை பஜாரில் ஒரு புடவைக் கடையில் துணி அளந்து கிழித்துக்கொண்டிருந்தேன். முதலாளி கடையை மூடிவிட்டார். அந்த நேரம் பார்த்து, காது கேளாத, பேச்சு வராத, நடை பிந்திய பிள்ளைகளைத் தோட்டங்களில் தேடிப் பிடித்து அங்கேயே வகுப்பு நடத்த ஒரு தொண்டு நிறுவனத்தார் ஆள் எடுத்தார்கள். தமிழ் பேச வேண்டும், மலை ஏற வேண்டும். இரண்டும் எனக்கு வரும் என்று எடுத்துக்கொண்டார்கள். துணி கிழிக்கிறவனுக்குப் பிள்ளை பார்க்க வரும் என்று எப்படி நம்பினார்களோ, இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

இரண்டு கிழமை ட்ரெயினிங், பதினாலே நாள். நடத்தியவர் ஓய்வுபெற்ற நர்ஸ். நாங்கள் அவரை மிஸ் என்போம். காது டெஸ்டைப் பற்றி அவர் தினமும் சொன்னது இதுதான்:

"பின்னால நின்னு சத்தம் குடுங்க. சத்தம் வர்றது பிள்ளைக்குக் கண்ணால தெரியக் கூடாது. முன்னால ஒரு ஆள உக்கார வச்சு, பிள்ளையோட கண்ணப் பாக்கச் சொல்லுங்க."

கையில் ஒரு பையையும் கொடுத்தார். அதில் ஒரு மணி, ஒரு கிலுகிலுப்பை, கைக்கு அடக்கமாக ஒரு மேளம். மேளம் என் கையில் ஒரு நாள்கூட வாழவில்லை. பதுளையில் பஸ் ஏறியபோது வெலிமடையிலிருந்து வந்த ஒரு கிழங்கு மூட்டையும் என்னோடு ஏறியது. பசறைக்கு வந்து சேர்ந்தபோது மேளம் அப்பளமாக இருந்தது.

2. சாந்தி

தோட்டத்தில் எனக்கு இடம் கொடுத்தது பிள்ளைக்காம்பராவில். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப் போகிற இடம். உள்ளே வரிசையாகச் சேலை ஏணைகள் தொங்கும். குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற ஆயம்மா என்னைக் கண்டதும், "மாஸ்டருக்கும் ஒரு ஏணை கட்டவா?" என்று கேட்டார். என் முகம் அப்படி இருந்திருக்கிறது.

முதலில் வந்தவள் சாந்தி. எட்டு வயது. அவளுடைய அம்மா மீனாட்சி மலைக்குப் போகிற வழியில், கூடையும் தலையுமாக வந்து அவளை விட்டார்.

"பேச மாட்டா. கூப்பிட்டா திரும்ப மாட்டா. அத்தனையும் திமிருங்க மாஸ்டர். பள்ளிக்கூடத்துல மக்குன்னு அனுப்பிட்டாங்க. எங்கண்ணன் மொனராகலையில இருக்காரு. மாட்டப் பாத்துக்க ஆள் வேணுமாம். ஞாயித்துக்கெழம வந்து கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்காரு."

"காது கேக்குதான்னு பாத்தீங்களா?"

"கதவச் சாத்துனா திரும்புறா, சோத்துச் சட்டியத் தொறந்தா திரும்புறா. நான் கூப்பிட்டா மட்டும் காது கேக்காதாக்கும்?"

பஸ் ஓடுகிற ரோட்டோரம் மாடு மேய்க்கப் போகிறவள், பின்னால் வருகிற ஹோர்ன் கேட்காதவளாக இருந்தால் என்ன ஆகும்? காதுதான் கோளாறு என்று காட்டிவிட்டால் பிள்ளை தோட்டத்திலேயே இருப்பாள், வகுப்புக்கு வருவாள். திமிர்தான் என்றால் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறுவாள். அதைத் தீர்மானிக்கிற நீதிபதி, நேற்றுவரை துணி கிழித்த நான்.

முற்றத்தில் அவளை உட்கார வைத்துப் பின்னால் நின்று மணியை அடித்தேன். திரும்பினாள். மறுபடி அடித்தேன். மறுபடியும் திரும்பிச் சிரித்தாள். சரி, திமிர்தான் போலிருக்கிறது என்று நினைத்தேன். மூன்றாம் தடவை மணியின் நாக்கு சிக்கிக்கொண்டது, சத்தமே வரவில்லை. அப்போதும் திரும்பினாள்.

காலை வெயில் என் முதுகில் இருந்தது. என் நிழல் நீளமாக அவள் மடியில் போய் விழுந்துகொண்டிருந்தது. கெட்டிக்காரி. மணி அடிக்கிறவன் கையைத் தூக்குவதை மடியிலேயே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். கதவுக்குத் திரும்பியது வெளிச்சம் மாறியதால், சோற்றுச் சட்டிக்குத் திரும்பியது வாசனையால்.

3. ஒரே ஒரு அடி

நிழல் விழாமல் சத்தம் கொடுக்க வேண்டும். அதற்கு நான் சுவருக்குப் பின்னால் நிற்க வேண்டும். சுவரைத் தாண்டிப் போகிற சத்தத்துக்குக் கிலுகிலுப்பை போதாது. தோட்டத்தில் காலைப் பெரட்டுக்கு, அதாவது வேலை பிரிக்கும் கூட்டத்துக்கு, ஆட்களை அழைக்கத் தப்பு அடிப்பார்கள். அதை அடிக்கிற வீரையா அண்ணன் மலைக்குப் போயிருந்தார். அவருடைய மனைவி தப்பை அடுப்பில் காட்டிச் சூடேற்றி என் கையில் கொடுத்தார்.

"மெதுவா தட்டுங்கய்யா," என்றார்.

"காத்து மாதிரி தட்டுவேங்க," என்றேன்.

சாந்தியை முற்றத்தில், முதுகு என் பக்கம் இருக்க உட்கார வைத்தேன். அவள் தலை நிமிராமல் கூழாங்கற்களை வரிசை கட்டத் தொடங்கினாள். எதிரில் ஆயம்மா.

"ஆயம்மா, என்ன நடந்தாலும் அவ கண்ண மட்டும் பாருங்க."

"பாக்குறேன் மாஸ்டர். எனக்கே மனசு சரியில்ல. அப்பாவுக்கு ராவெல்லாம் இழுப்பு."

இதை நான் காதில் வாங்கவில்லை. அன்றைக்குத் தோட்டத்தில் காது கேளாதவர்கள் இரண்டு பேர்.

சுவருக்குப் பின்னால் போய் அடித்தேன். தப்பில் எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு அடி. சின்ன வயதில் பதுளையில் சவ ஊர்வலங்களுக்குப் பின்னால் ஓடிப் பழகியது. பெரட்டுக்கு ஒரு அடி, சாவுக்கு ஒரு அடி என்று அதில் தனித்தனியாக இருப்பது பஜார்க்காரனுக்கு எங்கே தெரியும்? மெதுவாகவும் வரவில்லை. மலை முழுக்க எதிரொலித்தது.

ஏணைகளில் கிடந்த குழந்தைகள் எல்லாம் ஒரே குரலில் வீறிட்டன. அடுத்து ஆயம்மா "அய்யோ என்னப் பெத்தவரே" என்று அலறிக்கொண்டு தொழிலாளர் குடியிருப்பான லயத்தை நோக்கி ஓடினார். பிறகு மேலே மலையைப் பார்த்தேன். கொழுந்துக் கூடைகளோடு தோட்டமே இறங்கி வந்துகொண்டிருந்தது. யார் வீட்டுச் சாவு என்று தெரியாததால் எல்லோரும் அவரவர் வீட்டுக்காக அழுதுகொண்டு வந்தார்கள்.

நான் செய்திருக்க வேண்டியது அடிப்பதை நிறுத்துவது. பயத்தில் கை நிற்கவில்லை. என் கையிலிருந்து தப்பைப் பிடுங்கியவர் முத்தையா கங்காணி.

"யாருய்யா போயிட்டா?"

"யாரும் போகலீங்க."

"அப்ப என்னாத்துக்கு அடிச்ச?"

இதற்குள் லயத்துப் பக்கமிருந்து ஆயம்மாவின் அப்பாவே தடியூன்றி வந்துவிட்டார். "யாருடா செத்தது? எப்ப எடுக்குறாங்க?" என்று கேட்டார். அவரைக் கட்டிப்பிடித்து ஆயம்மா இன்னொரு தடவை அழுதார்.

தோட்டத்தை நிர்வகிக்கிற தொரையின் ஜீப் வந்து நின்றது. சிங்களத் தொரை. தமிழை நிறுத்தி நிறுத்திப் பேசுவார்.

"என்ன செஞ்சது நீ?"

"காது டெஸ்ட் பண்ணினேன் தொரை."

"யார் காது? என் தோட்டத்துல எல்லாருக்கும் நல்லா கேக்குது."

சுற்றி நின்றவர்களில் சிலர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை.

"சரி. பிள்ளைக்குக் கேட்டதா, இல்லையா?"

எனக்கே தெரியாது. சுவருக்குப் பின்னால் நின்ற நான் பார்க்கவில்லை. பார்க்க உட்கார்ந்திருந்தவர் ஓடிப்போனார். ஒரு தோட்டத்தின் வேலையையே நிறுத்தி டெஸ்ட் நடத்தி, முடிவைப் பார்க்க ஆள் இல்லாமல் நிற்கிறவன் நான். பதுளைக்குத் திரும்புகிற பஸ் எத்தனை மணிக்கு என்று யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

அப்போதுதான் மீனாட்சி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். ஓடி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. ஆனால் என்னைப் பார்க்கவில்லை. முற்றத்தைப் பார்த்தார்.

சாந்தி அங்கேயே உட்கார்ந்திருந்தாள். குழந்தைகள் வீறிட்டு, ஆட்கள் ஓலமிட்டு, ஜீப் வந்து நின்று, இவ்வளவு நடந்திருக்கிறது. அவள் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கூழாங்கல் வரிசையில் இன்னொரு கல்லை வைத்துக்கொண்டிருந்தாள். வரிசை நேராக இல்லையென்று அதை எடுத்து மறுபடியும் வைத்தாள்.

"சாந்தி," என்று மீனாட்சி கூப்பிட்டார். பிறகு சத்தமாக, "ஏ சாந்தி."

சாந்தி திரும்பவில்லை.

மீனாட்சி கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பிள்ளையைச் சுற்றிக்கொண்டு போய் அவளுக்கு எதிரில் குந்தினார். சாந்தி நிமிர்ந்தாள். அம்மாவைக் கண்டு சிரித்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். பிறகு திரும்பி, தன் முதுகுக்குப் பின்னால் ஒரு தோட்டமே நிற்பதைக் கண்டு திகைத்துப் போனாள்.

"இத்தன வருஷமா வையிறேனே," என்றார் மீனாட்சி. "அதுல ஒரு வார்த்தகூட இவளுக்குக் கேட்டிருக்காதா?"

"அந்த மட்டுக்கும் நல்லதுதான் அக்கா," என்றாள் பின்னால் நின்ற ஒருத்தி. "ஒன் வாய்க்கு நாங்கதான் காத மூடிக்கிட்டுத் திரியிறோம்."

மீனாட்சிக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. தொரை ஜீப்பில் ஏறும்போது என்னைக் கூப்பிட்டார்.

"கண் டெஸ்ட் இருக்கா?"

"இருக்குங்க தொரை."

"அதுக்கு முதல் என்கிட்ட சொல்லு," என்றார். பிள்ளைக்காம்பராவிலேயே வகுப்பை நடத்திக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார்.

4. ஞாயிற்றுக்கிழமை

மொனராகலை அண்ணன் சொன்னபடியே வந்தார். நானும் லயத்துக்குப் போயிருந்தேன். அவர் எதையும் நம்பவில்லை.

"சத்தமா கூப்பிட்டா கேக்காம எங்க போவும்? பாரு," என்று சாந்தியின் பின்னால் நின்று கூப்பிட்டார். மாட்டைத் திருப்புகிற குரல். லயத்து நாய்கள் எல்லாம் வந்து நின்றன. சாந்தி கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள்.

"முன்னால போய்ப் பேசுண்ணே," என்றார் மீனாட்சி. "மாட்டுக்கிட்டயா பேசுற? புள்ளகிட்டதானே?"

அவர் முணுமுணுத்துக்கொண்டே போய்க் குனிந்து, "வர்றியா மாமா கூட?" என்றார். சாந்தி அவருடைய வாயை உற்றுப் பார்த்தாள். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, தலையை ஆட்டினாள். இல்லை என்று. அவள் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லி அந்த வீட்டில் யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை. அதுவரை எல்லோரும் கேட்ட விதம் அப்படி இருந்திருக்கிறது.

"மாட்டுக்கு வேற ஆளப் பாருண்ணே," என்றார் மீனாட்சி.

திங்கட்கிழமை மலைக்குப் போகும் வழியில் அவர் சாந்தியைப் பிள்ளைக்காம்பராவில் விட்டார். விட்டுவிட்டு இரண்டு அடி போனவர், திரும்பி வந்து, பிள்ளைக்கு எதிரில் குந்தி, "போய்ட்டு வர்றேன்" என்று வாயைத் திறந்து மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

புதிதாக வருகிற தம்பிமார், தங்கைமார் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் நிற்கச் சொல்லி எனக்குக் கற்றுக்கொடுத்தது டெஸ்டுக்கு மட்டும். அது ஐந்து நிமிஷ வேலை. மிச்ச நேரமெல்லாம் பிள்ளைக்கு முன்னால் போய்க் குந்துங்கள்.